குருவியின் பாடு

கடந்த கோடையில், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். பிள்ளை பெற்றுத் தாய்வீட்டில் இருந்த இளம்பெண்ணையும் சிசுவையும் ஆசீர்வதிக்க வேண்டும் என்று அழைத்திருந்தார்கள். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் ஓலைக்குடிசை இருந்த இடத்தில் எழுந்த கான்கிரீட் வீடு அது. ஒரே அறை, தாழ்ந்த தளம். பகல் பதினொரு மணிக்கே சுவர்கள் அனலைக் கக்கின. தலைக்குமேல் மின்விசிறி இருந்தது; ஆனால் சுழலவில்லை.

மின்சாரம் இல்லையோ என்று கேட்டோம்.

"கரண்டு இருக்கு சாமி. குருவி கூடு வச்சிருக்கு. ஃபேன் போட்டா அடிபட்டுப் போயிடும்" என்றார் வீட்டுத் தாயார்.

நிமிர்ந்து நோக்கினோம். விசிறியின் தண்டு தளத்தைத் தொடும் இடத்தில் உள்ள கிண்ணத்திலிருந்து காய்ந்த புல்லும் நைலான் நூலும் தொங்கின. குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. பனையோலை விசிறியால் மாறி மாறி விசிறிக்கொண்டிருந்தார்கள். நமக்குச் சற்றுச் சினமே உண்டாயிற்று. "குருவியைவிடக் குழந்தை பெரிதல்லவா?" என்றோம். சிட்டுக்குருவிகள் பலவற்றினும் மனிதர் மேலானவர் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே என்னும் துணிவு நமக்கு.

"பெருசுதான் சாமி. அதனாலதான் ராத்திரி பக்கத்து வீட்டுல படுக்க வைக்கிறோம். குருவிக்குப் பக்கத்து வீடு இல்லியே."

வாசலில் வலை பொத்துக்கொண்டிருந்த முதியவர் தலை நிமிராமலே சொன்னார்: "இப்போ அதோட பாடு சாமி. முடிஞ்சா அது போயிடும்."

ஆசீர்வதித்துவிட்டுத் திரும்பினோம். ஆயினும் அவ்விரு மறுமொழிகளும் நம்மை விட்டு அகலவில்லை.

குருமடத்தில் நாம் பயின்ற அறவியலில் விலங்கும் பறவையும் மிகச் சிறிய இடத்தையே பெற்றிருந்தன. விலங்கிடம் கொடுமை காட்டுபவன் மனிதனிடமும் கொடியவனாவான். ஆதலால் அது தகாது என்பது புனித தோமா அக்குவினாஸ் காட்டிய வழி. இதன்படி குருவிக்குச் செய்யும் இரக்கம் உண்மையில் மனிதனுக்கான பயிற்சியே. குருவிக்கென்று தனியே நம்மிடம் கேட்கத்தக்கது ஏதுமில்லை. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலோ, விலங்குகளுக்கு அன்பு காட்டுவது மனிதர் பட்டிருக்கும் கடமை என்கிறது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் இன்னும் ஒரு படி சென்று, பிற உயிர்களுக்குத் தம்மளவிலேயே மதிப்பு உண்டு என்று எழுதினார். கடமை என்றால் கொடுப்பவர் மனம் குளிர்ந்து ஈவது அன்று, பெறுபவருக்குச் சேரவேண்டியது. அந்த ஒற்றை அறையில் யாருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்பதே நம்மை அலைக்கழித்த வினா.

இணைச்சட்ட நூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. வழியில் பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம். தாயை மட்டும் பறக்கவிட வேண்டும். பழைய யூத மறைநூல் அறிஞர்கள் இதனைக் கட்டளைகளுள் மிக எளியது எனக் கருதினர். கைப்பொருள் இழப்போ மிகமிகச் சிறிது. அத்தகைய எளிய கட்டளைக்கும், தாய் தந்தையரைப் போற்றும் கட்டளைக்கு வாக்களிக்கப்பட்ட அதே நலமும் நீடித்த வாழ்வும் வாக்களிக்கப்பட்டுள்ளன. தாய் தந்தையரைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். கூட்டைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

நம் முன்னோரும் இவ்வினாவை அறிந்தவர்களே. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தான் என்பதும், கபிலரும் பரணரும் உள்ளிட்ட புலவர்கள் அவளுக்காக அவனிடம் இரந்து நின்றனர் என்பதும் புறநானூற்றிலேயே இருக்கின்றன. பாடநூல்கள் அதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. பறவைக்கு இரங்கும் கை வீட்டிலுள்ளோரை மறக்கவும் கூடும். நம் சினத்திற்குச் சற்றேனும் நியாயம் இருந்ததென்றால் அது இங்கேதான். ஆயினும் அக்குப்பத்துத் தாயாரைப் பேகனோடு ஒப்பிட முடியவில்லை. அவர் யாரையும் மறக்கவில்லை. குழந்தைக்கு அண்டை வீட்டைத் தேடிவிட்டே குருவிக்கு இடம் விட்டார். மேலும், மயில் போர்வை கேட்கவில்லை. அதற்கு அது வேண்டுவதும் இல்லை. குருவிக்கு வேண்டியதோ, ஒரு விசையை நாம் அழுத்தாமல் இருப்பது ஒன்றே.

2020-ஆம் ஆண்டில், சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி என்னும் சிற்றூரில் தெருவிளக்குகளின் விசைப்பெட்டிக்குள் சிறு குருவி ஒன்று கூடு கட்டி முட்டையிட்டது. ஊரார் பேசி, குஞ்சுகள் பறந்து செல்லும் வரை ஒரு மாதத்திற்கும் மேலாகத் தெருவிளக்கு ஏற்றாமல் இருந்தனர். செய்தித்தாள்கள் போற்றின. இருட்டில் நடந்தவர்களுள் முணுமுணுத்தோரும் இருந்திருப்பர். முணுமுணுத்தும் விட்டுக்கொடுத்தார்கள் என்றால் நமக்கு அவர்கள்மேல் மதிப்புக் கூடுகிறதே அன்றிக் குறையவில்லை.

சென்னையின் அடுக்குமாடி வீடுகளில் மேல்மாடங்களை நைலான் வலையால் மூடுகிறார்கள். மாடப்புறா கூடு வைக்கக் கூடாதாம். அவர்களை வன்னெஞ்சர் என்று சொல்லிவிட நாம் ஒருப்படோம். புறா எச்சத்தின் தூசு நுரையீரலைக் கெடுக்கக்கூடும் என்பது மருத்துவர் அறிந்த உண்மை. நோயுற்ற முதியோர் உள்ள வீட்டார் வேறு என்ன செய்வர்? ஆனால் கூட்டில் குஞ்சு இருக்கும்போதே வலை கட்டுவதும், கூடு வைக்குமுன் கட்டுவதும் ஒன்றல்ல. இணைச்சட்டத்துக் கட்டளையும் இத்தகைய ஒரு சிறிய வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது.

இனி அம்முதியவர் சொன்ன 'பாடு'. நம் வழிபாட்டு வழக்கில் பாடு என்றால் ஆண்டவர் பட்ட துன்பம். பழவேற்காட்டு மீனவருக்கோ அது ஏரியில் மீன்பிடிக்கும் முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊரார் இறால் படும் நல்ல இடங்களைத் தலைமுறைகளாக முறைவைத்துப் பகிர்ந்து வந்துள்ளனர். இன்று ஒருவர் பாடு என்றால் மற்றவர் அங்கே வலை கட்டமாட்டார். எத்தனை பசியாயினும் தம் முறைக்குக் காத்திருப்பார். இது தருமம் அன்று, முறை. குருவிக்கு அம்முதியவர் இரக்கம் காட்டவில்லை. அதன் முறையை ஒப்புக்கொண்டார். நாம் நூல்களில் தேடிய சொல் அவர் வாயில் இருந்தது.

ஆனாலும் ஒன்றை மறைப்பது முறையன்று. பாட்டு முறையில் பெயர் சேராத ஏழை மீன்பிடிப்போரும் அவ்வேரியில் உண்டு. அவர்களுடைய மனத்தாங்கல் பழையது. 1980-இல் அவ்வேரி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைக்கும் கூழைக்கடாவிற்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது. பட்டியலில் பெயரில்லாத மனிதனிடம் சென்று குருவிக்கும் ஒரு பாடு உண்டு என்று சொல்ல நமக்கு நா எழுமா? இதற்கு நம்மிடம் விடை இல்லை. அக்குடும்பத்திடம் இருந்ததா என்று கேட்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து மீண்டும் அவ்வழியே சென்றோம். விசிறி சுழன்றுகொண்டிருந்தது. குழந்தை உறங்கியது. குஞ்சுகள் எத்தனை என்று கேட்டதற்கு, "மூணு சாமி, ஒண்ணு செத்துப்போச்சு" என்றார் தாயார். கிண்ணத்துப் புல்லை அவர் இன்னும் எடுக்கவில்லை.

நம் கோவிலின் ஒலிபெருக்கிக் கூம்பில் இப்போது ஒரு மைனா குடியிருக்கிறது. முந்தைய ஆண்டுகளில் கொடியேற்றத்திற்கு முன் வெள்ளையடிப்போரிடம் சொல்லி அத்தகைய கூடுகளை நாமே அகற்றச் செய்திருக்கிறோம். உள்ளே என்ன இருந்தது என்று ஒருமுறையும் பார்த்ததில்லை. கொடியேற்றத்திற்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அந்தக் கூம்பை மட்டும் இணைக்காமல் விட்டால் கீழைத்தெருவிற்குப் பாட்டுக் கேட்காது என்கிறார் உபதேசியார். கீழைத்தெருவாரைக் கேட்டு வருமாறு அவரை அனுப்பியிருக்கிறோம்.