மொழிபெயர்ப்பாளனின் அமானிதம்

ஒருவர் நம்மிடம் ஒப்படைத்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் உரியவரிடம் சேர்ப்பதை அமானிதம் பேணுதல் என்கிறோம். பொன்னையும் நிலத்தையும் பொறுத்தவரை இவ்விதியில் ஐயம் எழுவதில்லை. ஒப்படைக்கப்பட்டது சொல்லாக இருந்தால் என்ன செய்வது? பொன் கைமாறினாலும் பொன்னாகவே இருக்கும். சொல் மொழிமாறும்போதோ, எடை கூடும், அல்லது குறையும். அப்படியாயின் மொழிபெயர்ப்பாளன் யாருக்குக் கடன்பட்டவன்? எழுதியவனுக்கா, படிக்கப் போகிறவனுக்கா?

இதனை வெறும் தருக்கமாக ஆராய்வதைவிட, உயிர்ப்பிரச்சினையாகவே எழுந்த ஓரிடத்தில் வைத்துக் காண்பது நலம். அவ்விடம் எகிப்து. முஹம்மது அலீ பாஷாவின் ஆட்சியில், 1827ஆம் ஆண்டு, கெய்ரோவுக்கு அருகே அபூ ஸஃபல் என்னும் ஊரில் ஒரு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. ஐரோப்பிய ஆசிரியர் தம் மொழியில் பாடம் சொல்வார். அருகிருக்கும் மொழிபெயர்ப்பாளர் அதனை அரபியில் எடுத்துரைப்பார். அது நூலாக வெளிவருவதாயின், அஸ்ஹரில் பயின்ற ஷைகு ஒருவர் நடையைத் திருத்துவார். தொடக்க நாட்களில் மொழிபெயர்த்தவருக்கு மருத்துவம் போதாது. திருத்தியவருக்கு ஐரோப்பிய மொழி தெரியாது. ஆசிரியருக்கோ அரபி தெரியாது. மூவரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். மருந்தின் அளவில் ஒரு சொல் பிறழ்ந்தால் விலை கொடுப்பவர் நான்காமவரான நோயாளியல்லவா?

பஸ்ராவின் பேரறிஞர் ஜாஹிஸ் இவ்வபாயத்தை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார். பொருளறிவில் மொழிபெயர்ப்பாளன் மூலநூலாசிரியனுக்கு நிகராக வேண்டும். இரு மொழிகளிலும் அவன் ஒரே அளவு வல்லவனாக வேண்டும் என்பது அவர் கருத்து. இரு மொழிகள் ஒரே நாவில் குடியேறினால் ஒன்றையொன்று நலிவிக்கும் என்றும் அவர் ஐயுற்றார். நிபந்தனை மிகக் கடுமையானதுதான். அத்தகையோர் தாமாகத் தோன்றும்வரை காத்திருப்பதா, அவர்களை உருவாக்குவதா?

உருவாக்கலாம் என்று துணிந்தவர் ரிஃபாஆ தஹ்தாவி. 1801இல் மேல் எகிப்தின் தஹ்தாவில் பிறந்து, அஸ்ஹரில் ஓதியவர். 1826இல் பாரிசுக்கு அனுப்பப்பட்ட மாணவர் குழுவுக்கு இமாமாகச் சென்றார். தொழவைக்கச் சென்றவர் தாமும் மாணவராகிப் பிரெஞ்சு கற்று, 1831இல் மொழிபெயர்ப்பாளராகத் திரும்பினார். 1835இல் கெய்ரோவில் அவர் முயற்சியால் ஒரு மொழிப்பள்ளி எழுந்தது. மத்ரஸத்துல் அல்ஸுன், அதாவது மொழிகளின் பள்ளி, என்று அது பெயர் பெற்றது. பிரெஞ்சு, துருக்கி முதலிய மொழிகளோடு வரலாறும் புவியியலும் சட்டமும் அங்குக் கற்பிக்கப்பட்டன. அரபியும் அதே கண்டிப்புடன் கற்பிக்கப்பட்டது என்பதே நாம் பெரிதும் மதிக்கும் செய்தி. பிறமொழி கற்கப் புகுந்து தாய்மொழியை வீட்டு வாயிலிலேயே விட்டுவிடும் நம் பிள்ளைகளின் பெற்றோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

தஹ்தாவி தம் பாரிசுப் பயண நூலில் 1814ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசமைப்புச் சாசனத்தை அரபியாக்கித் தந்தார். அதன் பெரும்பகுதி குர்ஆனிலும் ஸுன்னாவிலும் காணப்படுவதன்று என்பதை அவரே சொல்லிவிட்டார். சொன்ன பிறகும் பிரிவுகளை மாற்றவில்லை. சாசனம் ஓரிடத்தில் நிற்கிறது. அவருடைய விளக்கம் தனியே தொடர்கிறது.

அவ்விளக்கத்தில் ஒரு கருத்து இன்றளவும் வாதத்துக்குரியது. பிரெஞ்சுக்காரர் சுதந்திரம் என்று போற்றுவது, நம்மிடையே அத்ல், இன்ஸாஃப், அதாவது நீதி, நேர்மை, எனப்படுவதே என்றார் அவர். ஹுர்ரிய்யத் என்னும் அரபுச் சொல் அந்நாளில் பெரும்பாலும் அடிமையல்லாத நிலையையே குறித்தது. ஆட்சியாளனையும் சட்டத்துக்குள் நிறுத்தும் கருத்தை அச்சொல்லால் மட்டும் வாசகருக்கு உணர்த்துவது எளிதன்று. எனவே அவர் அறிந்ததைக் காட்டி அறியாததை விளக்கினார்.

இது அமானிதத்துக்கு ஊறு என்பார் உளர். புதிய கருத்துக்குப் பழைய பெயர் சூட்டினால், இது நம்மிடம் முன்பே உள்ளதுதானே என்று வாசகன் புரண்டு படுத்துக்கொள்வான் என்பது அவர்கள் வாதம். அதில் வலுவுண்டு, மறுக்க மாட்டோம். ஆயினும் ஒப்புமை காட்டுவது வேறு, ஆள்மாறாட்டம் செய்வது வேறு. அவர்கள் அவ்வாறு அழைப்பதை நாம் இவ்வாறு அழைக்கிறோம் என்று சொல்பவர் இரு சொற்களையும் வாசகனின் கண்முன் வைத்துவிடுகிறார். ஒத்துப்பார்க்கும் உரிமை வாசகனிடமே இருக்கிறது. ஒன்றை மறைத்து மற்றதை அதன் இடத்தில் நிறுத்துபவனே மோசடி செய்கிறான்.

தமிழ் முஸ்லிம்களான நமக்கு இது புதிதன்று. ஸலாத்தைத் தொழுகை என்றோம். ஸவ்மை நோன்பு என்றோம். சமணரும் பௌத்தரும் தம் உறைவிடங்களுக்கு வழங்கிய பள்ளி என்னும் சொல்லையே மஸ்ஜிதுக்கும் சூட்டினோம். பழஞ்சொற்கள் புதுப்பொருள் ஏற்றன. அரபுச் சொற்களும் நம் வீடுகளில் வழக்கொழியாமல் அருகிலேயே இருந்தமையால் பொருள் திரியவில்லை.

அப்பாஸ் பாஷாவின் ஆட்சியில் மொழிப்பள்ளி மூடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்து, 1973இல் ஐன் ஷம்ஸ் பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. இன்றும் அல்ஸுன் என்றே வழங்குகிறது. நிறுவியவரோ 1850இல் சூடானின் கார்ட்டூமுக்கு, ஒரு தொடக்கப்பள்ளியை நடத்துமாறு அனுப்பப்பட்டார். பதவி என்று பெயர், உண்மையில் நாடுகடத்தல்.

அங்கிருந்தபோது அவர் மொழிபெயர்க்கத் தேர்ந்த நூல், பிரெஞ்சு இளவரசனுக்கு ஆசிரியராயிருந்த ஃபெனெலோன் எழுதிய தெலெமாக் கதை. கொடுங்கோன்மையைக் கண்டிக்கும் நூல் அது. பிறர் சொல்லைத் தம் மனக்குறைக்கு வாயாக்கிக் கொண்டாரா என்று கேட்கலாம். எந்த நூலை மொழிபெயர்ப்பது என்னும் தேர்வு மொழிபெயர்ப்பாளனுக்கே உரியது. அமானிதம் தேர்ந்த பிறகே தொடங்குகிறது என்பது நம் எண்ணம். அரபு நடைக்கேற்ப அக்கதையை அவர் தாராளமாகவே வளைத்தார். மருத்துவ நூலில் பொறுக்கலாகாத அவ்வுரிமையைக் கதையில் நாம் பொறுத்துக்கொள்வோம். 1854இல் கெய்ரோ திரும்பியவர் 1873இல் மறைந்தார். அம்மொழிபெயர்ப்பு அச்சேறியது 1867இல். அதுவும் கெய்ரோவில் அன்று, பெய்ரூத்தில்.