விடுபட்ட ஓர் உருப்படி

இரவு உடை ஒன்று பல நாட்களாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது. பருத்தித் துணியில் தைத்த, விலை அதிகமில்லாத உடை. காணாமல் போய் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

1860 ஜூன் 30, இங்கிலாந்தின் ரோடு ஹில் இல்லம். தொழிற்சாலை ஆய்வாளர் சாமுவேல் கென்ட்டின் மூன்று வயது மகன் சாவில், கழுத்தறுபட்டு வெளிக் கழிப்பறையில் கிடந்தான். ஸ்காட்லாந்து யார்டிலிருந்து வந்த துப்பறிவாளர் ஜொனாதன் விச்சர், மூத்த தாரத்தின் மகளான 16 வயது கான்ஸ்டன்ஸைச் சந்தேகித்தார். அவளிடம் இருந்த மூன்று இரவு உடைகளில் ஒன்று இல்லை.

சலவைக்கு அனுப்பிவிட்டோம், பட்டியலில் இருக்கிறது என்றது வீடு. வந்து சேரவில்லை என்றாள் சலவைக்காரப் பெண். விச்சரின் ஊகம் வேறு. பட்டியல் எழுதிய பிறகு, வேலைக்காரியைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டு, கூடையிலிருந்து ஓர் உடையை கான்ஸ்டன்ஸ் திரும்ப எடுத்துக்கொண்டாள். அதை வைத்துக்கொண்டு கறைபட்ட உடையை அழித்துவிட்டால், அழிந்ததை யாரும் தேடமாட்டார்கள், பழி சலவைக்காரி தலையில் விழும்.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். எங்கள் ஆச்சியும் சலவைக் கணக்கை நோட்டில்தான் எழுதி வைப்பாள். வேட்டி இத்தனை, சேலை இத்தனை, துப்பட்டி இத்தனை. ஒருமுறை துப்பட்டி ஒன்று குறைந்தது. "மூட்டையில வரலியே ஆச்சி" என்றார் துணி வெளுக்கிறவர். "நோட்டுல இருக்கே" என்றாள் ஆச்சி. அதற்கு மேல் பேச்சில்லை, கூலியில் பிடித்துக்கொண்டாள். அவர் படியில் உட்கார்ந்து மூட்டையை மறுபடி அவிழ்த்து, ஒவ்வொன்றாக எண்ணி, மறுபடி கட்டினார். வீட்டுக்குள் தேடலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விச்சருக்குத் தோன்றியது. அதற்காகவே அவரை நான் மதிக்கிறேன். தோட்டக்காரர் மகன் ஒருவர் பெரிய வீட்டுப் பெண்ணின் உள்ளாடைக் கணக்கைக் கேட்பதா என்று அன்றைய இங்கிலாந்து கொதித்தது. கைதான கான்ஸ்டன்ஸ் விடுவிக்கப்பட்டாள். தாதிப்பெண் எலிசபெத் காஃப் கைதானாள். ஆதாரமில்லை என்று அவளையும் விட்டார்கள். விச்சர் உடல்நலம் கெட்டு 1864இல் பணியிலிருந்து விலகினார். மறு ஆண்டே கான்ஸ்டன்ஸ் தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அந்த உடையை எரித்துவிட்டதாகவும் சொன்னாள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 20 ஆண்டு சிறையிலிருந்து, வேறு பெயரில் ஆஸ்திரேலியாவில் செவிலியாக வாழ்ந்து, 1944இல் நூறு வயதில் இறந்தாள். அவள் சொன்ன விவரங்கள் காயங்களோடு முழுதும் ஒத்துப்போகவில்லை என்று அப்போதே பேச்சு இருந்தது. தம்பி வில்லியமைக் காப்பாற்றவே பழியை ஏற்றாள் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு.

1860இல் விச்சர் கையில் இருந்தது என்ன? இல்லாத ஒரு துணி. அதை வைத்து 16 வயதுப் பெண்ணைத் தூக்குமேடைவரை கொண்டுபோகலாமா? கூடாது என்றுதான் என் மனம் சொல்கிறது. அப்படியானால் அவளை விட்டவர்கள் செய்தது சரி. ஆனால் அந்தத் தயக்கம் பெரிய வீட்டுப் பெண் என்பதால் வந்ததா, நியாயத்தால் வந்ததா? ஆச்சியும் இல்லாத துணியை வைத்துத்தான் தீர்ப்புச் சொன்னாள். சந்தேகத்தை வீட்டுக்குள் திருப்பியவர் விச்சர், வெளியே திருப்பியவள் ஆச்சி என்று வித்தியாசம் சொல்லிப் பார்க்கிறேன். விச்சரின் ஊகம் பொய்த்திருந்தால் அந்த வித்தியாசம் எதற்கு உதவியிருக்கும் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.