காப்பும் வினையும்

தெய்வத்தையோ அரசனையோ ஆசானையோ குழந்தையாகப் பாவித்து, அக்குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடும் சிற்றிலக்கியம் பிள்ளைத்தமிழ் எனப்படும். கண்ணனின் பிள்ளைப் பருவங்களை நிரல்படப் பாடிய பெரியாழ்வார் இதற்கு முன்னோடி என்றும், 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பாடியதே இவ்வகையின் முதல் தனிநூல் என்றும் கூறுவர். காப்பு மூன்றாம் மாதத்திலும், ஒரு காலை மடக்கிக் கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதத்திலும், தாலாட்டாகிய தால் ஏழாம் மாதத்திலும், கைகொட்டி விளையாடும் சப்பாணி ஒன்பதாம் மாதத்திலும் நிகழ்வதாகப் பாட்டியல் நூல்கள் மாதக் கணக்குச் சொல்கின்றன. கணக்கில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டென்றாலும், காப்பே முதலில் நிற்க வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவீடுகள், பிடிமானமின்றித் தானே நடக்கும் திறன் 8.2 மாதத்துக்கும் 17.6 மாதத்துக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வாய்க்கலாம் என்று நீண்டதோர் இடைவெளியையே இயல்பாகக் கொள்கின்றன. ஓராண்டு நிரம்பும் அளவில் வருகைப் பருவத்தை வைத்துத் தளர்நடை நடந்து வருமாறு குழந்தையை அழைத்த புலவர்களின் கணக்கு இந்த இடைவெளியின் நடுவே அமைகிறது. அடுத்த வீட்டுக் குழந்தை குப்புற விழுந்துவிட்டதே, நம் வீட்டுக் குழந்தைக்கு இன்னும் கழுத்தே நிற்கவில்லையே என்று மாதந்தோறும் ஒப்பிட்டு மறுகும் பெற்றோர், ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூர் முருகன் அருளால் பேச்சு வாய்த்தவர் என்று மரபு கூறும் குமரகுருபரரே மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடினார் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மாதக் கணக்கு மகிழ்ச்சியை மட்டும் பதிவு செய்வதன்று. குழந்தை எதையும் செய்து காட்டுவதற்கு முன்பே திருமால் தொடங்கிக் கடவுளர் பலரையும் அழைத்து இதனைக் காத்தருள்க என்று வேண்டும் பருவம் முதலில் வைக்கப்பட்டதற்கு, பிறந்த குழந்தை நிலைக்குமா என்ற அச்சத்தைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. காக்க வரும் கடவுளரைப் பாடும்போது அவர்களுடைய கொலைத் தொழிலைச் சொல்லலாகாது என்ற விதியிலும் இந்த அச்சமே தெரிகிறது. திருமாலின் சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் ஆகிய ஐந்து படைகளின் உருவைச் சிறிதாகச் செய்து கழுத்தில் கட்டிய ஐம்படைத்தாலியும், பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பைக் கோத்துக் கையில் கட்டும் வழக்கமும் இதன் தொடர்ச்சியே. சுசுருத சங்கிதை குழந்தைகளைப் பற்றும் கிரகங்கள் ஒன்பது என்று எண்ணி, அவற்றுள் ஒன்றைக் கந்தன் பெயராலேயே குறிக்கிறது. குழந்தையை நடுங்க வைப்பதும் காப்பதும் ஒரே பெயரில் வழங்கப்பட்டிருப்பதில், அக்காலத் தாயர் தெய்வத்தின்முன் எத்தகைய மனநிலையில் நின்றனர் என்பது புலப்படும்.

அந்த நடுக்கம் இன்றும் ஒழிந்துவிடவில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுள் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு, அதாவது உடல் வெப்பம் ஏறும்போது வரும் வலிப்பு, ஒரு முறையேனும் உண்டாகிறது. மாலைவரை கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தைக்கு இரவில் திடீரென்று கண் மேலே செருகிக் கைகால் விறைத்து வெட்டி இழுக்கும்போது, வீடே அதன் உயிர் போய்விட்டதாகக் கலங்கி அவசரப் பிரிவுக்கு ஓடுகிறது. அங்கே மணிக்கட்டில் ஊசி ஏற்றுவதற்கு இடைஞ்சலாக இருக்கும் வசம்பு வளையைச் செவிலியர் கத்தரித்து எடுப்பதும், தாய் அதனைக் கீழே விழவிடாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வதும், வெளியே பாட்டி மஞ்சள் துணியில் காசு முடிந்து குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்வதும் எல்லா ஊர்களிலும் காணத்தக்கவை. அந்த நடைகூடத்தில்தான், ஒன்றும் அறியாத குழந்தை என்ன பாவம் செய்தது என்ற பழைய கேள்வி யாரேனும் ஒருவர் வாயிலிருந்து வந்துவிடுகிறது.

சமயங்கள் இதற்கு வெவ்வேறு விடை கூறியுள்ளன. குழந்தையும் ஆதாமின் குற்றத்தில் பங்குடையதாகவே பிறக்கிறது என்றார் அகஸ்தீன். குற்றமின்றித் துன்புறும் குழந்தைக்கு மறுமையில் இறைவன் ஈடு செய்வான் என்றனர் இசுலாமிய மெய்யியலில் முஃதசிலாப் பிரிவினர். சைவ சித்தாந்தமோ, உடல்தான் புதியது, உயிர் தொடக்கமில்லாதது என்று கேள்வியின் அடிப்படையையே மாற்றிவிடுகிறது. பல பிறவிகளில் குவிந்த பழவினையைச் சஞ்சிதம் என்றும், அதில் இப்பிறவியில் நுகர வந்த பகுதியைப் பிராரத்தம் என்றும், இப்போது புதிதாக ஈட்டுவதை ஆகாமியம் என்றும் பிரிக்கும் அந்நெறியின்படி, தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு ஆகாமியம் இல்லையாயினும் பிராரத்தம் உண்டு. இறைவன் காரணமின்றித் துன்புறுத்துபவன் அல்லன் என்று காட்டும் அளவில் இவ்விடை தருக்கத்துக்குப் பொருந்துகிறது. ஆயினும், தன் துன்பத்தைப் பற்றி ஒருவன் தனக்கே சொல்லிக்கொள்ளும்போது ஆறுதலாகும் வினைக்கொள்கை, பார்க்க வந்த உறவினர் தாயை நோக்கிச் சொல்லும்போது வெறும் பழியாகிவிடுகிறது. கொள்கையைச் சொல்லும் இடமும் வாயும் மாறினால் அதன் அறமும் மாறிவிடும் என்பதை உரைகாரர்கள் போதிய அளவு பேசியதாகத் தெரியவில்லை.

ஆனால் சம்பந்தர் இதனை உணர்ந்திருந்தார். கொடிமாடச் செங்குன்றூர் என்னும் இன்றைய திருச்செங்கோட்டில் அவர் தங்கியிருந்தபோது உடனிருந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்ற, இது இந்நிலத்தின் இயல்பு என்று சொல்லப்பட்டதையும் ஏற்று அமையாமல் அவர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்று பெரிய புராணம் கூறுகிறது. செய்த வினைக்கு வந்த பயன் இது என்று சொல்லிக்கொண்டே உய்யும் வழியைத் தேடாதிருப்பது குறையல்லவா என்பது அப்பதிகத்தின் தொடக்கக் கருத்து. வினை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அதைக் காட்டிக் கைகட்டி நிற்பதையே மறுத்தார். நோயுற்றோரைத் தனியே நிறுத்தாமல் எம்மை என்று தம்மையும் உடன்சேர்த்துப் பாடியதால், பழி சுமத்தும் தொனி அங்கே நுழையவே இடமில்லாமற் போயிற்று.

வைணவ மரபு அச்சத்துக்கே மதிப்பளித்தது. உலகைக் காப்பவனுக்குத் தீங்கு வந்துவிடுமோ என்று பல்லாண்டு பாடிய பெரியாழ்வாரின் செயல் அறியாமையாகாதா என்ற ஐயத்துக்கு, ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசாரியர், அறிவு மேலோங்கிய நிலையில் இறைவன் காப்பவனாகவும் உயிர் காக்கப்படுவதாகவும் இருக்கும், அன்பு மேலோங்கிய நிலையில் அவ்வுறவு தலைகீழாக மாறிவிடும் என்று விடை தந்தார். இதன்படி, குழந்தைக்காக நடுங்கும் தாயின் அச்சம் நம்பிக்கைக் குறைவு ஆகாது. ஆழ்வாருக்கே உரிய மேலான நிலைக்கு அது மிக அருகில் நிற்பது. கடவுள்மேல் பாரத்தைப் போட்டுவிட்டுப் பதறாமல் இருக்கக் கூடாதா என்று அவளைக் கடிந்துகொள்வோர் பக்தி நூல்களை நுனிப்புல் மேய்ந்தவர்களே.

குமரகுருபரர் முத்துக்குமாரசுவாமிக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய புள்ளிருக்குவேளூரில் இறைவன் பெயரே வைத்தியநாதன். மருத்துவத்தைத் தெய்வச் செயலுக்குப் புறம்பாக வைக்கும் எண்ணம் அந்த மரபுக்கு இல்லை. காய்ச்சல் வலிப்பில் உய்யும் வழி, குழந்தையின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வாயில் கரண்டியைச் செருகுவதும் அன்று. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் இடாமல், ஐந்து நிமிடத்தில் வலிப்பு நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முதல் முறை வந்ததாயின், தானே நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதனால் நிலையான தீங்கு எதுவும் நேர்வதில்லை.