புதியவருக்கு நாம் தர வேண்டியது யாது?

வீடிழந்து, நாடிழந்து வந்தவருக்கு உதவ வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை கிடையாது. எவ்வாறு உதவுவது என்னுமிடத்தில்தான் வேற்றுமை பிறக்கிறது. ஒரு வேளை உணவும் கையில் சிறிது பணமும் தந்து அனுப்பிவிட்டால் நம் கடமை தீர்ந்ததா? அல்லது அவர் கடைத்தெருவில் நமக்குப் பக்கத்தில் ஒரு வியாபாரியாக நிற்கும் வரை அது தீராதா? சதகா கொடுக்கும் கை, சரக்கைக் கடனாகக் கொடுக்கும்போது நடுங்குகிறது. அந்த நடுக்கம் நியாயந்தானா என்று வர்த்தகர்களாகிய நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இதற்குத் தக்க உதாரணம் சோமாலிய மக்களின் வரலாற்றில் இருக்கிறது. 1991 ஜனவரியில் சியாத் பர்ரேயின் ஆட்சி கவிழ்ந்து, அந்த ஆப்பிரிக்க நாடு உள்நாட்டுப் போரில் சிதறிற்று. இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்து ஓடினர். கென்யா நாட்டில் தாதாப் என்னுமிடத்தில் அவர்களுக்காகக் கூடாரங்கள் எழுந்தன. அகதிகளுள் ஒரு பகுதியினரை அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஏற்றுக்கொண்டன. 1990-களின் முற்பகுதியிலிருந்து அவர்களிற் பலர் வடக்கே பனி உறையும் மின்னசோட்டா மாநிலத்தை நாடினர். அங்கு வான்கோழி இறைச்சியைப் பதனிடும் ஆலைகளில் வேலை இருந்தது. அதற்கு ஆங்கிலப் புலமையும் அதிகம் தேவைப்படவில்லை. வெயிலையன்றி வேறறியாத மக்கள், பனியில் நடந்து வேலைக்குச் சென்று, காசு காசாகச் சேர்த்தனர்.

சேர்த்த காசைக் கொண்டு கடை வைக்க எண்ணியபோதுதான் கதவு அடைபட்டது. வங்கிக்காரர் முன்பு வாங்கிய கடனின் வரலாற்றைக் கேட்டார். நேற்று வந்தவருக்கு அது ஏது? ஈடு கேட்டார், அகதியிடம் என்ன ஈடு இருக்கும்? யாவற்றுக்கும் மேலாக, வட்டி குறுக்கே நின்றது. வட்டிக்கு வாங்க மார்க்கம் இடந்தரவில்லை. வட்டியின்றித் தர வங்கி இடந்தரவில்லை. உழைப்பும் ஆசையும் இருந்தும் முதல் இல்லாமல் அவர்கள் திகைத்தனர்.

இத்திகைப்பை உணர்ந்தவர் ஹுசைன் சமத்தார் என்ற சோமாலியர். பொருளாதாரம் பயின்றவர், தாமே அகதியாக வந்து, மின்னியாபொலிஸ் நகரில் வங்கி அலுவலராக உயர்ந்தவர். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அவர் ஆப்பிரிக்க அபிவிருத்தி நிலையம் என்னும் ஸ்தாபனத்தை அங்கு நிறுவினார். கடை வைக்க விரும்பியவருக்கு அந்நிலையம் தொழில் திட்டம் தீட்டவும், கணக்கு எழுதவும் கற்றுக் கொடுத்தது. முதலுக்கு வட்டியில்லா வழியும் வகுத்தது. கடைக்கு வேண்டிய சாமானை வாங்கி, முன்கூட்டியே பேசிய இலாபத்தைச் சேர்த்து, தவணை முறையில் விற்பது அதன் ஏற்பாடு. நம்மவர் நன்கறிந்த முராபஹா முறைதான் இது. மின்னியாபொலிஸ் நகராட்சியும் இவ்வேற்பாட்டில் கைகோத்தது. சமத்தார் 2010-ல் அந்நகரின் கல்வி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2013-ல் காலமானார்.

அவர் செய்ததில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அவர் பணத்தை வாரி இறைக்கவில்லை, கணக்குக் கேட்டார். ஏழையிடம் கணக்குக் கேட்பது இரக்கமில்லாச் செயல் என்று சிலர் கருதலாம். நாம் அப்படிக் கருதவில்லை. பிச்சைக்காரரிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை, வியாபாரியிடந்தான் கேட்கிறோம். பேரேட்டில் ஒருவர் பெயரைப் பற்று எழுதும்போதே, “திருப்பித் தரும் ஆற்றலும் நாணயமும் உமக்கு உண்டு” என்று அவரிடம் சொல்லிவிடுகிறோம். எத்தனை பெரிய தருமமும் இந்தச் சொல்லுக்கு ஈடாகாது.

மதீனாவின் வரலாறும் இதையே போதிக்கிறது. கி.பி. 622-ல் மக்காவைத் துறந்து வந்த முஹாஜிர்களை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்ஸாரிகளோடு சகோதரர்களாகப் பிணைத்தார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்திற் பாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்பு (ரலி) அவர்களுக்குத் தர முன்வந்தார்கள். அன்னார் அதற்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி காட்டுமாறு மட்டும் வேண்டினார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய அவ்வாணிபம் பின்னர் பெருஞ்செல்வமாயிற்று. கொடுக்க முன்வந்தவரின் பெருமை ஒரு புறமிருக்க, சந்தைக்கு வழி கேட்டவரின் மானத்தையும் நாம் மறக்கலாகாது. புதியவர் வழி கேட்கும்போது காட்ட ஆளிருக்க வேண்டும்.

நிற்க. “நம்பிக் கொடுத்து ஏமாந்தால்?” என்று கேட்போருக்கும் விடை சொல்லியாக வேண்டும். அதே மின்னசோட்டாவில், ஏழைக் குழந்தைகளின் உணவுக்கென அரசு தந்த பணத்தில் சுமார் 25 கோடி டாலர் மோசடி நடந்ததாக 2022-ல் வழக்குத் தொடரப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டோரிற் பலர் சோமாலிய வம்சத்தினர். இதை மறைப்பது நேர்மையன்று. ஆயினும், அப்பணத்தைப் பங்கிட்ட ஸ்தாபனத்தின் தலைவி, 2025-ல் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டவர், சோமாலியர் அல்லர். கள்ளம் ஓர் இனத்தின் சொத்தாக இருந்ததில்லை. உண்ணாத உணவுக்கும் பட்டியல் எழுதிப் பணம் பெற முடிந்ததென்றால், அங்கே கணக்குப் பார்ப்பது தளர்ந்துபோயிருந்தது என்றுதான் பொருள். சரி பார்க்காமல் கொடுப்பதும், முகத்தைப் பார்த்தே மறுப்பதும் ஆளை அறிய மறுக்கும் சோம்பலிலிருந்தே பிறக்கின்றன.

நம் ஊர்க்காரருக்கு, நம் உறவினருக்குக் கொடுத்த கடன் வராமற்போனதில்லையா? அதற்காக ஊரையும் உறவையும் நாம் ஒதுக்கிவிட்டோமா? நட்டத்தை எழுதிவிட்டு, அடுத்தவரை அவரவர் நடத்தைகொண்டு எடை போடுகிறோம். அந்த நீதியைப் புதியவருக்கும் வழங்க வேண்டும் என்பதே நம் வாதம்.

அவரால் நமக்கென்ன பயன் என்பாரும் உளர். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற நெசவாலை நகரம் உண்டு. ஆலைகள் மூடப்பட்டு, அதன் லிஸ்பன் வீதிக் கடைகள் பலவும் காலியாகக் கிடந்தன. 2001 முதல் சோமாலியர் அங்குக் குடியேறினர். மறு ஆண்டே, இனி அதிகம் பேர் வரவேண்டாம் என்று அந்நகர மேயர் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2003 ஜனவரியில் இனவெறியர் சிலர் அங்குக் கூட்டம் போட்டபோது, குடியேறியவர்களுக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். பின்னர் அதே லிஸ்பன் வீதியில் சோமாலியர் மளிகைக் கடைகளும் உணவகங்களும் திறந்து, பூட்டிய கதவுகளுக்கு விளக்கேற்றினர். கடை திறந்தால் வீட்டுக்காரருக்கு வாடகையும், நகருக்கு வரியும், வீதிக்கு நடமாட்டமும் வருகின்றன. இதை வர்த்தகருக்கு விளக்கவும் வேண்டுமோ?

நம் முன்னோரை நினைத்துப் பார்ப்போம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களிற் பலர் கையில் முதலோடு வரவில்லை. ஐந்தடியில் ஒரு மூலையும், ஒரு முதலாளி கணக்கில் எழுதிக் கொடுத்த சரக்குமே அவர்களின் மூலதனம். எழுதிக் கொடுத்தவர் எப்போதும் நம்மவராகவே இருந்தாரா? சீனத் தவுக்கேயும், குஜராத்தி வியாபாரியும் நம்மை நம்பியதுண்டு. அந்தக் கடனைச் சரக்கு வகையில் அடைத்துவிட்டோம். நம்பிக்கை வகையில் அது இன்னும் பற்றிலேயே நிற்கிறது.

ஆகவே, புதியவர் எந்நாட்டவராயினும் அவருக்கு மொத்த வியாபாரியை அறிமுகம் செய்வோம். லைசென்ஸ் விதிகளை அவருக்குப் புரியும் மொழியில் சொல்வோம். சிட்டையும் பேரேடும் எழுதக் கற்பிப்போம். சட்டம் இடந்தரும் அளவில் சிறு சரக்கைக் கடனாகக் கொடுத்து, சொன்ன நாளில் தவறாமல் திருப்பிக் கேட்போம். அவர் கொண்டு வந்து வைக்கும் முதல் தவணையை எண்ணிப் பார்த்தே வாங்குவோம். அப்படி எண்ணி வாங்குவதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.