வழுக்கை ஒரு வெட்கமா?

தலைமுடி உதிர்வதைத் தடுக்க மருந்து தடவிக்கொள்வது பாவமா என்று எவரும் ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்பதாகத் தெரியவில்லை. கேட்கத்தக்க பெரிய பொருளாக அது எவருக்கும் தோன்றுவதில்லை. ஆயினும் நம் இளைஞர் பலர் காலையிலும் இரவிலும் கண்ணாடியின் முன் நின்று, பிறர் அறியாமல் செய்துவரும் செயல் அது. மறைவாகவும், நாள் தவறாமலும், உழைத்து ஈட்டிய பணத்தைச் செலவிட்டும் செய்யப்படுகிற எதுவும் மனச்சான்றின் எல்லைக்கு வெளியே நிற்பதில்லை. எனவே அதனைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஓர் ஊரை மனத்தில் கொள்வோம். தறியோசை கேட்டு வளர்ந்த இப்பகுதிப் பிள்ளைகளுள் பலர் இன்று திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் தொழிற்சாலை வேலைக்குச் சென்று வருகின்றனர். இருபத்தைந்து வயதில் ஒருவனுக்கு நெற்றி ஏறத் தொடங்கினால், தண்ணீர் மாறியதுதான் காரணம் என்பார் ஒருவர்; தலைக்கவசம் என்பார் மற்றவர்; எண்ணெய் வைக்காத குறை என்பாள் பாட்டி. கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் இட்டு வீட்டில் எண்ணெய் காய்ச்சப்படும். சில மாதங்களில் அதில் நம்பிக்கை தளர்ந்ததும், மருந்துக் கடையிலிருந்து ஒரு சிறு புட்டி காகிதத்தில் சுற்றப்பட்டு வீடு வந்து சேரும். இதற்கிடையில் தரகரிடம் கொடுக்கப் புகைப்படம் எடுத்தாக வேண்டும். பெண் வீட்டார், "பையனுக்கு வயது கூடுதலோ?" என்று கேட்டுவிட்டதாக ஒரு செய்தி வந்தால் போதும், அவனது அமைதி அன்றோடு போயிற்று.

விந்தை என்னவெனில், இதே காஞ்சிபுரத்தின் தெருக்களில் திருப்பதி சென்று திரும்பியவர்கள் மொட்டைத் தலையுடன் நடமாடுகின்றனர். எவரும் நகைப்பதில்லை. நம்மவரும் வேளாங்கண்ணி அன்னையின் திருத்தலத்தில் முடியிறக்கி, நிமிர்ந்த தலையோடு வீடு திரும்புகின்றனர். மனிதன் தானே விரும்பிக் கொடுத்த முடிக்கு மதிப்பு உண்டு. அவனைக் கேளாமல் உதிர்ந்த முடிக்கு ஏளனம் கிடைக்கிறது. ஆக, வெட்கம் தலையில் இல்லை. பார்க்கும் கண்களில்தான் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாகத் திருநிலைப் பணிக்குள் நுழைவோரின் தலைமுடியைக் கத்தரிக்கும் சடங்கு நம் திருச்சபையிலேயே இருந்தது; திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-ல்தான் அதனை நீக்கினார். உச்சந்தலை மழித்த புனிதர்களின் படங்களுக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றும் நாம், அடுத்த வீட்டு இளைஞனின் உச்சந்தலையைக் கண்டு சிரிப்பது எவ்வகையில் பொருந்தும்?

இனி அந்தப் புட்டிக்கு வருவோம். அதிலுள்ள மருந்து பெரும்பாலும் மினாக்சிடில். முடிக்காக எவரும் அதனைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. உயர் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாகவே அது அமெரிக்காவில் 1979-ல் ஒப்புதல் பெற்றது. உட்கொண்டவர்களுக்கு வேண்டாத இடங்களிலெல்லாம் முடி வளர்ந்ததைக் கண்டபின், தலையில் தடவும் மருந்தாக 1988-ல் மறுபிறவி எடுத்தது. ஆண்களின் வழுக்கைக்குப் பெரும்பாலும் தண்ணீரும் தலைக்கவசமும் காரணமல்ல. டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பிலிருந்து உண்டாகும் ஒரு பொருள், மரபு வழியாக அதற்கு இணங்கும் இயல்புடைய மயிர்க்கால்களைச் சிறிது சிறிதாகச் சுருக்குகிறது. மினாக்சிடில் அந்தக் காரணத்தைத் தொடுவதில்லை. முடி வளரும் பருவத்தை நீட்டிக்க மட்டுமே செய்கிறது. அதனால் சிலருக்கு நல்ல பயன் உண்டு, சிலருக்குச் சிறிதளவே உண்டு. நெடுநாள் வழுக்கையாகிவிட்ட இடத்தில் அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. முதற்சில வாரங்களில் முடி முன்னிலும் அதிகமாக உதிர்வதும் உண்டு. அதைக் கண்டு அஞ்சி விட்டுவிடுவோர் பலர். பயன் தெரிய நான்கு மாதமாவது பொறுக்க வேண்டும். நிறுத்தினாலோ, பெற்றது சில மாதங்களில் போய்விடும்.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் நம் கேள்வியின் உயிர் இருக்கிறது. காய்ச்சலுக்கு மருந்துண்டால் காய்ச்சல் தீரும், மருந்தும் முடியும். இங்கோ முடிவே இல்லை. வேளைக்கு ஒரு மில்லி, நாளுக்கு இருவேளை, மாதம் ஒரு புட்டி, ஆண்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் என ஏறக்குறைய ஒரு வாக்குறுதி போன்ற வாழ்வு அது. காலை செபத்தைத் தவறவிட்டாலும் இதனைத் தவறவிடாத பற்றுறுதி அதில் வந்து சேர்ந்துவிடுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (1992) உடல்நலத்தை நியாயமான அளவில் பேணுவது நம் கடமை என்று 2288-ஆம் எண்ணில் கூறி, உடலை வழிபடும் போக்கை அடுத்த எண்ணிலேயே கண்டிக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பதை எந்த நூலும் மில்லி கணக்கில் சொல்லாது. நம் எண்ணத்தில், புட்டியை வாங்குவதால் ஒருவன் கோட்டைக் கடந்துவிடுவதில்லை. புட்டி தீர்ந்த நாளில் வெளியே தலைகாட்ட அஞ்சுகிறானே, அங்கே கடக்கிறான்.

பிறர் நலனும் இதில் உண்டு. மருந்து தடவிய தலையோடு குழந்தையை அணைத்த தகப்பனாரிடமிருந்து மருந்து பச்சிளங் குழந்தையின் உடலில் சேர்ந்து, குழந்தைக்கு உடலெங்கும் முடி வளர்ந்த நிகழ்வுகள் ஐரோப்பாவில் பதிவாகி, 2024-ல் அங்குள்ள மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. பூனைகளுக்கோ அது கொடிய நஞ்சு. இதய நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் தொடவே கூடாது. மறைத்துத் தடவுபவன் யாரைக் கேட்பான்?

அதைவிட வருத்தந்தருவது வெட்கத்தை விற்கும் வணிகம். 1945-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் விதிகளில் 'ஜே' என்றோர் அட்டவணை உண்டு. எந்த நோய்களைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ எம்மருந்தும் உரிமை கொண்டாடலாகாது என்பதன் பட்டியல் அது. அதில் வழுக்கையும் இருக்கிறது, புதுமுடி வளர்ச்சியும் இருக்கிறது. சட்டம் இருந்தும், ஒரே மாதத்தில் அடர்ந்த கருமுடி என்னும் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. கேரளத்தின் திருச்சூரில் ஒருவர் துணிந்து வழக்குத் தொடுத்து, முடிவளர்க் களிம்பு நிறுவனத்துக்கும் அதன் விளம்பரத்தில் தோன்றிய நடிகருக்கும் நுகர்வோர் மன்றம் அபராதம் விதித்த செய்தி 2021-ன் தொடக்கத்தில் வெளிவந்தது. ஏமாந்தவர்களுள் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. திறந்தால் வழுக்கையையும் அல்லவா சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்!

மறைநூல் இதனை எப்படிப் பார்க்கிறது? அப்சலோம் தன் முடியைக் கத்தரித்து எடை போட்டுப் பார்த்தவன். அவன் கதை நாம் அறிந்ததே. (மரத்தில் முடி சிக்கியது என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும், மறைநூல் தலை சிக்கியது என்றே சொல்கிறது.) வழுக்கைக்காக ஏளனம் செய்யப்பட்டவராக நாம் அங்கே காண்பவரோ இறைவாக்கினர் எலிசா. ஆனால் நம்மை மிகவும் தொடுவது லேவியர் நூலின் 13-ஆம் அதிகாரம். தோல் நோயாளர் பாளையத்துக்கு வெளியே வாழ வேண்டியிருந்த காலம் அது. தலையில் ஒரு மாற்றம் கண்டாலே அண்டை வீட்டார் விலகியிருப்பர். அங்கே நாற்பதாம், நாற்பத்தோராம் வசனங்களில், முடி உதிர்ந்தவன் வழுக்கையனே, அவனிடம் தீட்டு ஏதும் இல்லை என்று சட்டம் அறிவிக்கிறது. உச்சி வழுக்கைக்கு ஒரு வசனம், நெற்றி வழுக்கைக்கு ஒரு வசனம்! சந்தேகத்தோடு நோக்கும் ஊருக்கும் அம்மனிதனுக்கும் இடையே சட்டம் வந்து நிற்கிறது. இன்று பெண் பார்க்கும் கூடத்தில் அப்படி வந்து நிற்பவர் யார்? பையனின் சொந்த அத்தையே அல்லவா முதலில் கேலி பேசுகிறாள்!

திருமணத் தயாரிப்புப் பயிற்சிகளில் இளைஞர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. மருந்தால்தான் முடி நிற்கிறது என்பதைப் பெண்ணிடம் சொல்ல வேண்டுமா? 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1098-ஆம் சட்டம், சம்மதம் பெறும் நோக்குடன் மறைக்கப்பட்ட குறை, இல்லற வாழ்வைத் தன் இயல்பிலேயே கடுமையாகக் குலைக்கக்கூடியதாயின் அத்திருமணம் செல்லாது என்கிறது. முடி உதிர்வது அத்தகைய குறையன்று என்றே நாம் கருதுகிறோம். ஆகவே சட்டம் அவனைச் சொல்லக் கட்டாயப்படுத்தவில்லை. எனினும் சொல்லிவிடுவதே மேல் என்போம். மணமான முதல் வாரத்திலேயே அலமாரியில் அந்தப் புட்டியை அவள் காணத்தான் போகிறாள். அதற்குமுன் அவன் வாயாலேயே கேட்டிருந்தால், பயணம் புறப்படும்போது மறவாமல் அதனைப் பெட்டியில் எடுத்து வைப்பவளும் அவளாகவே இருக்கக்கூடும்.