சூரன் வேஷம் கட்டினவன் கேட்ட கேள்வி

ஓம் சரவணபவ.



கந்த சஷ்டி நெருங்கினாலே நம்ம குரூப்புல சூரசம்ஹார வீடியோ வரிசையா வர ஆரம்பிச்சிடும். வேல் போய்ப் பட்டு சூரன் தலை விழற அந்த ரெண்டு செகண்டை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸ் வைக்கிறவங்க நிறைய பேர். இந்தத் தடவை அந்தத் தலைக்குள்ள என்ன ஓடுச்சுன்னு கொஞ்சம் பார்க்கலாம்.

என் சித்தப்பா பையன் நாடகம் படிக்கிறான். போன வருஷம் அவங்க வகுப்புல கந்தபுராணத்தை மேடை ஏத்தினாங்க. இவனுக்குக் கிடைச்சது சூரபத்மன் வேஷம். சித்திக்கு மனசே ஆறலை. ஆறு நாளும் விரதம் இருக்கிறவங்க அவங்க. பெத்த பிள்ளை மேடையில நின்னு முருகனை ஏசுறதை எப்படிக் காதால கேக்குறதுன்னு கவலை.

இந்தப் பயம் நம்ம ஊர் நாடகத்துக்குப் புதுசு இல்லை. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்னு போற்றப்படுற சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) ஆரம்பத்துல எமன், சனீஸ்வரன், இரணியன் மாதிரி பயங்கர வேஷம் கட்டினவர்தான். சனீஸ்வரன் வேஷத்தோட வந்த அவரை எதிர்ல பார்த்த ஒரு பெண், அந்த அதிர்ச்சியிலயே உயிரை விட்டுட்டாங்கன்னும், அதோட அவர் வேஷம் கட்டுறதையே விட்டுட்டாருன்னும் நாடக உலகத்துல சொல்லிட்டு வர்றாங்க. அதுக்கப்புறம் அவர் எழுதிக் கொடுத்ததுல ஒண்ணுதான் 'வள்ளி திருமணம்'. இன்னிக்கும் தென் மாவட்டக் கோயில் திருவிழாவுல விடிய விடிய நடக்குதே, அதே நாடகம்தான்.

சரி, தம்பி கதைக்கு வரேன். முதல் ஒத்திகையில வழக்கமான அசுரன் மாதிரி கண்ணை உருட்டி, தொடையைத் தட்டிச் சிரிச்சிருக்கான். ஆசிரியர் பாதியிலயே நிறுத்திட்டாராம். "தன் உடம்புச் சதையை அரிஞ்சு வேள்வியில போட்டவன் இவன். கடைசியில உடம்பையே நெருப்புல போட்டவன். நீ நடிக்கிறதுல அந்த ஆள் எங்கே?"ன்னு கேட்டிருக்கார்.

அதுதான் நாம மறந்துடுற விஷயம். சூரபத்மன் சிவபக்தன். அவன் செஞ்ச வேள்விக்கு ஈசனே இறங்கி வந்து, செத்தவனை உயிர்ப்பிச்சு, 1008 அண்டங்களை 108 யுகம் ஆளுற வரம் கொடுத்தார். அது குறுக்கு வழியில கிடைச்சது இல்லை. கச்சியப்ப சிவாச்சாரியார் இதைச் சுருக்கி ஒரு வரியில தாண்டியிருக்கலாம். அவர் அசுர காண்டம்னு தனியா ஒரு காண்டமே வெச்சு, அவன் தவத்தையும் வாழ்வையும் நிதானமாப் பாடி வெச்சிருக்கார்.

அப்புறம் தம்பி சொன்னது என்னை ரொம்ப யோசிக்க வெச்சுது. "அண்ணா, இந்த வேஷத்துல கஷ்டம் சண்டை இல்லை, கேக்குறதுதான்"னான். உண்மைதானே? வீரபாகு தூதா வந்து தேவர்களை விட்டுடுன்னு சொல்றார். கூடப் பிறந்த சிங்கமுகன் சொல்றான். பெத்த பிள்ளை பானுகோபன் போர்ல அடிபட்டு வந்து சொல்றான். இன்னொரு பிள்ளை இரணியனும் சொல்றான். எல்லாரும் சொல்றது ஒண்ணுதான். எதிரி சொன்னாச் சரி, விட்டுடலாம். பாசம் இருக்கிறவங்களே சொல்லும்போது அத்தனையையும் காதுல வாங்கிட்டு, முகம் மாறாம உட்கார்ந்திருக்கணும். "காது கேக்காதவனா நடிச்சிடலாம். இவனுக்கு நல்லாவே கேக்குது"ன்னான்.

சொன்னவங்க கதியும் பாருங்க. கோழைன்னு அண்ணன் ஏசின உடனே சிங்கமுகன் சண்டைக்குப் போய் உயிரை விடுறான். பானுகோபனும் அப்படித்தான். இரணியன் மட்டும், நாளைக்கு அப்பாவுக்குக் கடைசிக் காரியம் செய்ய ஒருத்தனாவது வேணுமேன்னு மீனா மாறிக் கடலுக்குள்ள மறைஞ்சுடுறான். புராணத்துல எனக்கு ரொம்ப வலிக்கிற இடம் இதுதான். ஆனா பேச்சாளர்கள் பலரும் இதைத் தொடுறதே இல்லை.

எல்லாரும் போய், சூரன் தனியா நிக்கிறப்போதான் முருகன் விஸ்வரூபம் காட்டுறார். அண்டமெல்லாம் அந்தத் திருமேனிக்குள்ளயே தெரியுது. பாலன்னு நினைச்சோமே, இவர் எல்லாத்துக்கும் மூலம்னு சூரனுக்கு அந்த நிமிஷம் பளிச்சுனு புரியுது. காலு அவரை வலம் வரத் துடிக்குது, கை கூப்பத் துடிக்குது, தலை தாழப் பார்க்குது. அவருக்கு ஆளாகி வாழணும்னுகூட ஆசை வருது. ஆனா ஒரே ஒண்ணு அவனைத் தடுக்குது: மானம். அறியாமை தடுத்ததா கச்சியப்பர் பாடலை. தெரிஞ்சதுக்கு அப்புறமும் தடுத்தது மானம்னுதான் பாடுறார்.

நம்ம ஐடி ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ப்ரொடக்‌ஷன்ல தப்பு எங்கே இருக்குன்னு மீட்டிங்ல இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், அந்தக் கோடை எழுதினவருக்கும் தெரியும். இருந்தும் ஒரு மணி நேரம் வாதாடுவார்.

தம்பிக்கு அந்த இடம் வேற மாதிரி இடிச்சிருக்கு. அவன் இன்ஜினியரிங்கைப் பாதியில விட்டுட்டு நாடகத்துக்குப் போனதுலருந்து சித்தப்பாவும் அவனும் பேசிக்கிறதே இல்லை. ரெண்டு வருஷம் ஆச்சு. "தினமும் கை போனுக்குப் போகும்ணா. அப்புறம் அவரே பேசட்டும்னு வெச்சிடுவேன். அந்தக் காட்சிக்கு நான் வேற எதையும் தேடிப் போகலை, அந்தக் கையைத்தான் மேடையில வெச்சேன்"னான். நாடகத்துக்கு முந்தின நாள் ராத்திரி கூப்பிட்டிருக்கான். சித்தப்பா எடுத்து, "சாப்பிட்டியா?"ன்னு கேட்டாராம். மேல ரெண்டு பேருக்கும் பேச வரலையாம்.

அவன் என்னைக் கேட்ட கேள்வி ஒண்ணு இருக்கு. "அந்த ஞானத்தை முருகன் ஏன் திரும்ப எடுத்துக்கிட்டார்? விஸ்வரூபம் மறைஞ்ச உடனே சூரனுக்குப் பழைய கோபம் வந்துடுதே. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா மானமும் கரைஞ்சிருக்குமே?"

பெரியவங்க இதுக்கு வேற விளக்கம் சொல்லலாம். என் புத்திக்கு எட்டினதைச் சொல்றேன். அவ்வளவு பெரிய உருவத்தைப் பார்த்தா யாரும் விழுந்துதான் ஆகணும். பிரமிப்புல விழறது சரணாகதி ஆகுமான்னு எனக்குச் சந்தேகம். கதையில அதுக்கப்புறம் நடக்கிறதைக் கவனிச்சுப் பாருங்க. கடல் நடுவுல மாமரமா நிக்கிறான், வேல் பிளக்குது. பிளந்ததோட அடங்கினானா? இல்லை. சேவலும் மயிலுமா ஆகி, அப்பவும் சண்டைக்குத்தான் பாய்ஞ்சு வர்றான். வேல் பட்டும் பகை தீரலை. அப்போ முருகன் இன்னொரு ஆயுதம் எடுக்கலை. அருளோட ஒரு பார்வை பார்க்கிறார், அவ்வளவுதான். அந்தப் பார்வையிலதான் பகை போய் மனசு தெளியுது. சூரன் மன்னிப்பு கேட்டதாகவோ, தோத்தேன்னு ஒத்துக்கிட்டதாகவோ அங்கே இல்லை. அவன் மானத்தை விட்டுக் கேக்கட்டும்னு முருகன் காத்திருக்கலை.

மேடையில முருகனா நடிச்சது ஒரு சின்னப் பொண்ணு, இவன் தோள் உயரம்கூட இல்லை. கடைசிக் காட்சியில இவனாக் குனியக் கூடாது, அந்தப் பொண்ணு பார்க்கிற வரைக்கும் திமிறிட்டேதான் இருக்கணும்னு ஆசிரியர் சொல்லியிருந்தாராம்.

சஷ்டிக்குத் திருச்செந்தூர் போறவங்க கவனிச்சிருப்பீங்க. கடற்கரையில ஜெயந்திநாதர் முன்னாடி சூரன் யானைமுகம், சிங்கமுகம், அப்புறம் சொந்த முகம்னு தலை மாத்தி மாத்தி வருவான். சொந்தத் தலை விழுந்ததும் கூட்டத்துல பாதி பேர் பஸ்ஸைப் பிடிக்கத் திரும்பிடுவாங்க. மாமரமும் சேவலும் அதுக்கப்புறம்தான் வரும். இந்த வருஷம் அது வரைக்கும் நில்லுங்க.

வேலும் மயிலும் துணை.