ஈடு கேட்கலாம், இழிவு செய்யலாமா?

சுவரிலே துளையிடுகிறார் தொழிலாளி. உள்ளே மறைந்து கிடந்த குழாய் உடைகிறது. பீறிட்டெழுந்த நீர் கூடத்தை நிறைக்கிறது. மர அலமாரி ஊறுகிறது. தொலைக்காட்சிப் பெட்டி கெடுகிறது. வந்தவரின் அன்றைய வருவாய் ஆயிரம் ரூபாய். கெட்ட பொருளின் மதிப்போ இருபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேண்டுமென்றே செய்தாரா? இல்லை. வீட்டாருக்கு இழப்பு நேரவில்லையா? நேர்ந்தது. அந்த இழப்பைச் சுமக்க வேண்டியவர் யார்?

சின்னஞ்சிறு வழக்குத்தானே என்று தள்ளிவிடாதீர், தோழர்களே! நாட்டுக்கு நீதி கேட்கும் நாம், நம் வீட்டுக் கூடத்தில் நீதியை எப்படி அளக்கிறோம் என்பதைக் காட்டும் உரைகல் இது.

இத்தகைய வேளையில் மூன்று குரல்களைக் கேட்கிறோம். முதலாவது சினத்தின் குரல். காலையில் "வாங்க" என்றழைத்த வாய், மாலையில் "டேய்" என்கிறது, "கூலியும் கிடையாது, போ!" என்று குமுறுகிறது. இரண்டாவது இரக்கத்தின் குரல்: "பாவம், ஏழை, அவரிடம் என்ன கேட்பது?" மூன்றாவது விதியின் குரல்: "நம் நேரம் சரியில்லை, கண்பட்டுவிட்டது."

விதியின் குரலுக்கு விடை எளிது. குழாய் செல்லும் வழியை எவரும் ஆராயாததால் குழாய் உடைந்தது. கண்ணேறு கழிப்பதால் ஒழுகும் நீர் நிற்காது. காரணத்தைத் தேடாத வீட்டில் நாளையும் குழாய் உடையும்.

சினத்தின் குரலோ மிகப் பழையது. பாபிலோன் மன்னன் அம்முராபி ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் கல்லிலே சட்டம் செதுக்கினான். கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரர் இறந்தால், கட்டியவனுக்குச் சாவு. வீட்டுக்காரரின் மகன் இறந்தால், கட்டியவனின் மகனுக்குச் சாவு. அடிமை இறந்தால், அடிமைக்கு அடிமை! ஆயினும் அதே கல்லில் அறிவின் கீற்றும் ஒன்றுண்டு: பொருள் அழிந்தால் பொருளை ஈடு செய்க, வீட்டைத் தன் செலவில் மீண்டும் கட்டித் தருக. பழிவாங்கலும் ஈடு செய்தலும் ஒரே கல்லில் இருக்கின்றன. மனித இனம் வளர்ந்ததென்றால், முன்னதை விட்டுப் பின்னதைப் பற்றியதால் வளர்ந்தது. ஈடு, இழந்ததை நிரப்புவது. தண்டனை, இழைத்தவரை வருத்துவது. ஈடு கேட்கும் உரிமை வீட்டாருக்கு உண்டு. வசைபாடும் உரிமையை யார் தந்தார்? குலத்துக்கொரு தண்டனை வகுத்த மனுவின் நிழலன்றோ அந்த "டேய்"!

இரக்கத்தின் குரல் இனிமையானது. அதனாலேயே எண்ணிப் பார்க்க வேண்டியது. மருத்துவரிடம் கணக்குக் கேட்கிறோம். பொறியாளரிடம் விளக்கம் கேட்கிறோம். கொத்தனாரிடமும் குழாய்ப் பணியாளரிடமும் மட்டும் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்றால், அவர்தம் தொழிலைத் தொழிலென நாம் மதிக்கவில்லை என்பதே பொருள். பொறுப்பு உடையவர் என்று ஏற்பதும் ஒருவருக்குத் தரும் மரியாதையே. விட்டுக்கொடுக்க விரும்புவோர் தாராளமாக விட்டுக்கொடுக்கட்டும்; அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தால் அது கொடையாகாது, விளம்பரமாகும்.

அப்படியானால் அளவுகோல் எது? மூன்று வினாக்களை முன்வைக்கிறோம்.

முதல் வினா: உரிய கவனம் இருந்ததா? 1957இல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவ வழக்கில் நீதிபதி மக்நேர் ஓர் அளவு கூறினார்: அத்துறையில் தேர்ந்த சாதாரண வல்லுநரின் திறன் போதும், தலைசிறந்தவரின் திறன் வேண்டியதில்லை. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. மருத்துவருக்கு உள்ள அளவு மேஸ்திரிக்கும் உண்டு. குழாய் எங்கே ஓடுகிறதென்று அவர் கேட்டாரா? கேட்டபோது வீட்டார் உண்மையைச் சொன்னார்களா? அறிந்தும் சொல்லாதவர் இழப்பில் தம் பங்கையும் ஏற்க வேண்டும்.

இரண்டாம் வினா: எவ்வளவு? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, மீறலால் இயல்பாக விளையும் இழப்புக்கு ஈடு உண்டென்கிறது; தொலைவான, சுற்றிவளைத்த இழப்புக்கு இல்லையென்கிறது. இழப்பைக் குறைக்க வழி இருந்ததா என்பதையும் எண்ணச் சொல்கிறது. வால்வை மூடாமல் வாயால் மட்டும் கூவிக்கொண்டிருந்தவர் முழுத்தொகை கேட்பது முறையா? பத்தாண்டுப் பழைய அலமாரிக்குப் புத்தம்புது விலை கேட்பது ஈடா, ஈட்டலா?

மூன்றாம் வினா: யாரிடம்? ஆளை அனுப்பியவர் ஒப்பந்தக்காரர்; பணம் பெற்றவரும் அவரே. ஊழியர் பணியின்போது செய்த பிழைக்கு முதலாளி பொறுப்பென்பது சட்டத்தில் வேரூன்றிய கொள்கை. ஆதாயத்தை அவர் அள்ளிக்கொள்ள, நட்டத்தை நாட்கூலி சுமப்பதா?

ஆகவே இளைஞர்களே, உங்கள் வீட்டில் இது நேர்ந்தால் முதலில் நீரை நிறுத்துங்கள். பிறகு நாவை நிறுத்துங்கள். சேதத்தைப் படமெடுங்கள். பழுதுபார்க்கும் செலவை எழுத்தில் பெறுங்கள். செய்த வேலைக்குரிய கூலியை ஒளிக்காமல் கணக்கில் வரவு வையுங்கள். நேரிலே அமர்த்திப் பேசுங்கள்; நாற்காலி ஒன்றை அவருக்கும் போடுங்கள். தனித் தொழிலாளியாயின் தவணைக்கு இடங்கொடுங்கள். தம் கையாலேயே பழுது நீக்கித் தர முன்வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பணம் பெற்ற நிறுவனம் பதிலே தராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டாண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம்.

உடைந்த குழாயை ஒருநாளில் ஒட்டிவிடலாம். ஒரு மனிதனின் மதிப்பை உடைத்துவிட்டால் எந்த ஆணையம் அதற்கு ஈடு கணக்கிடும்? உரிமையைக் குறையாமல் கேட்போம். மனிதனைக் குறைக்காமல் கேட்போம்!